இரண்டு பேருக்கு எழுதிய அறை

ஜன. 16, வியாழன். மண்டவெளி

காலையில் தூறல். பையில்: வேட்டி 2, சட்டை 3, பி.பி. மாத்திரை, டார்ச், இந்த நோட்டு. போர்வை அங்கே தருவார்கள்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். நூறு வருஷத்துக்கு முந்தைய செட்டியார் வீடு. மூன்று அறைகளைத் தங்க வருபவர்களுக்கு விடுகிறார்கள், காலைப் பலகாரத்தோடு. ஆகஸ்டில் ஏதோ வார இதழில் படம் பார்த்துவிட்டு, போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் என் மனைவி. 'மனைவியுடன் வருகிறேன், மூன்று நாள்' என்று எழுதிப் போட்டேன். அக்டோபரில் அவள் போய்விட்டாள். வரவில்லை என்று ஒரு கார்டு போட வேண்டும். தினமும் நினைத்தேன், போடவில்லை. போன வாரம் அங்கிருந்து கார்டு: உங்கள் இருவரையும் எதிர்பார்க்கிறோம்.

ஆதம்பாக்கத்திலிருந்து மகள் போன். வருஷம் திரும்பாமல் அடுத்தவர் வீட்டில் தங்கலாமா என்று அவள் அத்தை கேட்கிறாளாம். "நீங்க போய்ட்டு வாங்கப்பா" என்றாள் மகள். போனாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான். ராத்திரி எழும்பூரில் ரயில்.

17, வெள்ளி

நல்ல வெயில். ரயில் ஒன்றரை மணி தாமதம். வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. பர்மா தேக்குத் தூண்கள், ஆளுயரக் கண்ணாடிகள். பார்த்தேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கார அம்மாள் மீனாட்சி ஆச்சி. நாற்பது வயதிருக்கும். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அவுக வரலையா?" என்றார். காய்ச்சல் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. துக்கக்காரன் என்று தெரிந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

அறையில் இரண்டு கட்டில், இரண்டு துண்டு, இரண்டு செம்பு.

18, சனி

தூக்கம் சுமார். பலகாரம்: வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, கந்தரப்பம், இட்லி. ருசி தெரிந்தது, பிடித்ததா என்று தெரியவில்லை.

ஆச்சி விடுவதாயில்லை. காய்ச்சல் விட்டதா, யார் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள், ஒரு போன் போட்டுக் கேட்கக்கூடாதா. எஸ்.டி.டி. பூத்துக்கு வழியும் சொன்னார். போனேன். பூட்டிக் கிடக்கும் என் வீட்டு நம்பரையே போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து, பரவாயில்லை, கஞ்சி குடித்தாளாம் என்றேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

19, ஞாயிறு

கிளம்பும்போது ஆச்சி தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பச்சையில் ரவிக்கைத் துணி. விருந்தாளிப் பெண்களை வெறும் கையோடு அனுப்பும் வழக்கமில்லையாம், வர முடியாதவர்களுக்குக் கொடுத்தாவது அனுப்புவார்களாம்.

"அவுக கையில குடுங்க. அடுத்த தடவை கூட்டிக்கிட்டு வரணும்."

கை நீளவில்லை. செத்தவளுக்குக் குங்குமம் வாங்கிக்கொண்டு எப்படிப் போவது?

"அவ இல்லம்மா. இறந்து மூணு மாசம் ஆச்சு" என்றேன். மகள்தான் எல்லோருக்கும் போன் செய்து சொன்னாள். நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. தட்டைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "அவுக பேரென்ன?"

முப்பத்தொரு வருஷமும் 'இந்தாம்மா' என்றே கூப்பிட்டவன் நான்.

"சரோஜா" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. உள்ளேயிருந்து சமையல்காரம்மா எட்டிப் பார்த்தார்.

பஸ்ஸில் எழுதுகிறேன். புதுக்கோட்டை தாண்டியும் அழுகை நிற்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் என்ன சார் ஆச்சு என்கிறார். சரோஜா போய்விட்டாள் என்று அவரிடமும் சொன்னேன்.