ராகு காலத்தில் இறங்கியவர்கள்

17-7-69, வியாழன்

காலையிலிருந்து காற்று ஓயவில்லை. கொடியில் காயப்போட்ட அம்மாவின் புடவை பக்கத்து வீட்டு முருங்கையில். வாசல் பெருக்கிய அடுத்த நிமிஷம் மறுபடி செம்மண். ஆடி பிறந்ததைத் திருமயத்தில் யாரும் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கிளம்பிவிட்டார்கள். மூன்று பேர், சந்திரனுக்கு. பேப்பரில் போட்டிருந்த அமெரிக்க மணியை நம் மணிக்கு மாற்றிப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் அம்மா மூன்றாம் பிறை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே நேரம். ஓடிப்போய்ச் சொன்னேன். நல்லதுதான் என்றாள், வெங்காயம் உரித்தபடி.

வாங்க வேண்டியது: நீல மை, துணி சோப்பு, கிராஃப் பேப்பர்.

பம்பாய்க் கடிதம் வந்து ஒரு வாரம். கம்ப்யூட்டர் புரோகிராமர் பயிற்சி, ஒரு வருஷம், ஆகஸ்டு ஒன்றாம் தேதிக்குள் வந்து சேரவும். திருச்சியில் பரீட்சை எழுதியபோது கிடைக்கும் என்று நானே நம்பவில்லை. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரே பேச்சு, ஆடியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. ஆடி கழியட்டும் என்றால் பம்பாய் போச்சு. ஆவணி பிறந்தால் மணமேல்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். ரைஸ் மில் வைத்திருக்கிற பையன். நல்ல பையனாம். இருக்கட்டும்.

18-7, வெள்ளி

ஸ்டாஃப் ரூமில் ஒரே சந்திரன் பேச்சு. தமிழ் டீச்சருக்கு, அங்கே மனுஷன் கால் வைத்துவிட்டால் இனிப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டிச் சோறு ஊட்டுவது என்று கவலை. தையல் டீச்சர், ராக்கெட் விட்டு விட்டுத்தான் மழையே போச்சு என்கிறாள். உருப்படியாகக் கேட்டது ஆரோக்கியமேரி ஒருத்திதான். அந்தக் கண்ணாடிக் கூட்டைத் தலையில் மாட்டியிருக்கும்போது தும்மல் வந்தால் என்ன செய்வார்கள்? தெரியவில்லை. ஜியோமிதி வகுப்பு முழுக்க அதே யோசனை. துடைக்கவும் முடியாது. பாவம்.

(ஆ.மே. சயன்ஸ் டீச்சர். ஆவூர்க்காரி. இரண்டு தெரு தள்ளி ரூம் எடுத்திருக்கிறாள். திருச்சிப் பரீட்சைக்குத் துணைக்கு வந்ததும் அவள்தான்.)

வாரப் பத்திரிகை எல்லாம் கம்ப்யூட்டரை 'மின்மூளை' என்று எழுதுகிறது. எரிச்சலாக வருகிறது. மூளை என்றால் சொல்லாததையும் புரிந்துகொள்ளும். இது சொன்னதை மட்டும் செய்யும். எவ்வளவு அசட்டுத்தனமாகச் சொன்னாலும் அப்படியே செய்யும். அதன் பெருமையே அதுதான்.

மத்தியானம் சோறு ஆக்குவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுபோல் எழுதிப் பார்த்தேன். ஒன்று, அரிசியைக் களை. இரண்டு, தண்ணீர் தெளிந்ததா பார். மூன்று, தெளியவில்லை என்றால் திரும்ப ஒன்றுக்குப் போ. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அரிசி களைந்த தண்ணீர் முழுக்கத் தெளியவே தெளியாது. என் மெஷின் ஆயுசுக்கும் அரிசி களைந்துகொண்டே நிற்கும், வீட்டில் அத்தனை பேரும் பட்டினி. அம்மா எப்போது நிறுத்துகிறாள் என்று கேட்டேன். "போதும்னு தோணுறப்ப" என்றாள். இந்தத் 'தோணுறப்ப'வை எப்படி எழுதுவது? பம்பாயில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

19-7, சனி

அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது பிடித்தேன்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும், எல்லாம் அவர் விசிலில். நேரம் பார்க்காமல் வீட்டில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். ஆனால் ராகு காலத்தில் தினமும் பஸ்ஸை அனுப்புகிறார். முன்பு ஒருநாள் கேட்டதற்கு, பஸ் தினம் போகிறது, புதிதாகக் கிளம்புவதற்குத்தான் நேரம் என்றார். அவர் சட்டத்தில் ஓட்டையே கிடையாது.

இன்று என் வாதம்: ஆடியில் தொடங்கக் கூடாது என்றால் சந்திரனுக்குப் போனவர்கள் ஆடி பிறந்த கையோடுதானே கிளம்பியிருக்கிறார்கள்? அப்பா மோரை ஊற்றிக்கொண்டு, எப்போது கால் வைப்பதாக இருக்கிறார்கள் என்று கேட்டார். திங்கட்கிழமை, நம் மணிக்குப் பன்னிரண்டு வாக்கில் என்று பேப்பரில். உடனே கை கழுவி எழுந்து காலண்டர். ராகு காலம் ஏழரை-ஒன்பது, அது போகட்டும். எமகண்டம் பத்தரை-பன்னிரண்டு. கொஞ்சம் இடித்தது. நான் விடுவேனா. கதவைத் திறக்க வேண்டும், ஏணியில் பின்பக்கமாக இறங்க வேண்டும், அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு அதெல்லாம் ஆமை வேகம்தான், எமகண்டம் கழிந்துதான் கால் தரையில் படும் என்று அடித்துச் சொன்னேன்.

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. அமெரிக்காக்காரனும் விவரம் தெரிந்துதான் செய்கிறான் என்றார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக:

"நல்ல நேரத்துல எறங்கி, நல்லபடியா திரும்பி வரட்டும். நீயும் போயிட்டு வா."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் கொல்லைப்பக்கம் போய்த் தனியாகச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

20-7, ஞாயிறு

தலைக்கு எண்ணெய். துணி துவைத்தேன். பத்தாவது பரீட்சைப் பேப்பர் பாதி திருத்தி, பாதி அப்படியே.

திருச்சிப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் ராக்கெட் கதை முடித்தேன். அட்டையில் மஞ்சள் தலைமுடிப் பெண்ணை ஒரு பச்சை மிருகம் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அதனால் பிரவுன் பேப்பர் போட்டு மேலே 'அல்ஜீப்ரா' என்று எழுதிவைத்திருக்கிறேன். இந்தக் கதைகளைப் பற்றி என் அபிப்பிராயம்: அதில் விண்வெளிக்குப் போகிற எவனுக்கும் வீட்டில் அனுமதி கேட்க ஆள் இல்லை. அப்பா இல்லை, ஆடி இல்லை. பொத்தானை அமுக்குகிறான், போய்விடுகிறான். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை போய்விடுகிறது. பச்சை மிருகத்தைக்கூட நம்பிவிடலாம்.

எந்திர மனிதன் எஜமானை எதிர்த்துக் கிளம்புவதும் அப்படித்தான். எதிர்க்காது. சொன்னபடி கேட்கும், பயப்பட வேண்டியது அதற்குத்தான். நம்ம ஊர்ப் பத்திரிகைத் தொடர்கதை இன்னும் மோசம். சந்திரனில் ஒரு ராஜகுமாரி, பட்டுப்புடவை, இலக்கணத் தமிழ். எதைச் சுவாசிக்கிறாள் என்று எழுதியவருக்கும் அக்கறை இல்லை, படிக்கிறவர்களுக்கும் இல்லை.

நான் எழுதினால் முதலில் கோலம் போடுவதை எழுதுவேன். அங்கே காற்று இல்லை, மாவு பறக்காது. நிதானமாக, நேராக விழும். ஆடி மாசத்தில் கோலம் போட அதைவிட நல்ல இடம் கிடையாது.

சாயங்காலம் மொட்டை மாடியில் அரை நிலா. அதைச் சுற்றித்தான் இப்போது வருகிறார்கள். ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் கழுத்து வலிக்கிறவரை பார்த்தேன்.

21-7, திங்கள்

பக்கத்து வீட்டு ரேடியோவில் காலைச் செய்தியிலேயே சொல்லிவிட்டான். சந்திரனில் இறங்கியாகிவிட்டது. கொஞ்சம் தூங்கிவிட்டு வெளியே வரவேண்டியவர்கள் தூங்கப் போவதில்லையாம், முன்கூட்டியே கிளம்புகிறார்களாம். அப்பாவிடம் சொன்ன பன்னிரண்டு மணி என்னாவது? காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஆ.மே. ரூமுக்கு ஓட்டம். அவளிடம் அண்ணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த டிரான்ஸிஸ்டர் இருக்கிறது, அமெரிக்க ஸ்டேஷன்கூட எடுக்கும்.

ஒரே இரைச்சல். நடுவில் ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. கால் வைத்துவிட்டான் என்று புரிந்தது. ஆ.மே. சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். வேறு ஓர் உலகத்து மண் மேல் ஒரு மனுஷன் நிற்கிறான், அந்த நிமிஷமே நான் திருமயத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கிறேன். இதற்கு மேல் வாழ்க்கையில் என்ன கேட்கப் போகிறேன்.

பிறகு அவள் கடிகாரம் கண்ணில் பட்டது. எட்டரைகூட ஆகவில்லை. நட்ட நடு ராகு காலம்.

அவ்வளவு தூரம் போய்விட்டு எவனுக்குத் தூக்கம் வரும், நியாயம்தான். ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம். ஆ.மே.யிடம் புலம்பினேன். வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டானா என்று மட்டும் எங்கள் ஆட்கள் கேட்பார்கள், ராகு காலம் எங்களுக்குக் கிடையாது என்று சிரித்தாள்.

அப்பாவிடம் மறைக்க முடியுமா? பஸ் ஸ்டாண்டு டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வந்தார். ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். பிறகு, "எட்டரைக்கு முன்னாடியே எறங்கிட்டாங்களாமே" என்றார். ஆமாம்ப்பா என்றேன். "பாவம். சின்ன வயசுக்காரங்க."

கோபமே இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர்கள் இனி வரமாட்டார்கள். எழுந்து போகும்போது, சொன்ன சொல் மாறமாட்டேன், வந்தால் நீ போகலாம் என்று என்னைத் தேற்றுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அதுதான் தாங்கவில்லை.

23-7, புதன்

சந்திரனை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பாதி நிம்மதி. மீதி பாதி நம்ம காற்று மண்டலத்துக்குள் நுழைவது. நெருப்பாகக் கொதிக்குமாம்.

பேப்பரில் உள்பக்கம் நாலே வரி, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இறங்குகிற சமயம் அவர்கள் கலத்தில் இருந்த கம்ப்யூட்டர் வேலை தாங்கவில்லை என்று எச்சரிக்கை மணி அடித்ததாம். நின்றுவிடவில்லை. அவசரமில்லாததைத் தள்ளிவிட்டு, இறங்குவதற்கு வேண்டியதை மட்டும் பார்த்துக்கொண்டதாம். நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். திடீரென்று விருந்தாளி வந்தால் அம்மா துவைக்கிற துணியைப் போட்டுவிட்டு முதலில் உலையைத்தானே வைக்கிறாள். அப்படி ஒன்றை ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எது அவசரம், எது பொறுக்கும் என்று முன்கூட்டியே யோசித்து வரிவரியாக. எனக்கு அந்த வேலைதான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆ.மே. மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் மூடநம்பிக்கை பற்றி நான் பேசாத பேச்சில்லை. ஆனாலும் சாயங்காலம் பெருமாள் கோயில் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். வழி அதுதான் என்று சொல்லிக்கொண்டேன். அது வழியே இல்லை.

25-7, வெள்ளி

வந்துவிட்டார்கள்!

அப்பாவே வந்து சொன்னார். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் இருந்த இடத்தை விட்டு அவர் வந்து நான் பார்த்ததில்லை. விசில் கழுத்திலேயே தொங்குகிறது. நேற்று ராத்திரி கடலில் இறங்கிவிட்டார்களாம், மூன்று பேரும் சுகமாம். வாசலில் நின்றபடியே சொன்னார், தண்ணீர் குடித்தார், போய்விட்டார். அம்மா ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தவள், உலக்கையைச் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அழத் தொடங்கினாள்.

வகுப்பில் ஒன்றும் ஓடவில்லை. கரும்பலகையில் தப்பாகப் பெருக்கினேன், பிள்ளைகள் திருத்தினார்கள்.

26-7, சனி

பேப்பரில் படம். மூன்று பேரையும் ஓர் இரும்பு அறையில் அடைத்திருக்கிறார்கள். சந்திரனிலிருந்து நோய்க்கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாமாம், மூன்று வாரம் யாரும் தொடக் கூடாதாம். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று அவர்கள் நாட்டு ஜனாதிபதி பேசுகிறார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அமெரிக்காவிலும் தீட்டு உண்டு போல என்றாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்தானே என்று கேட்டார். போய்விடுவார்கள் என்றேன். பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"அவங்க போனதே திரும்பி வர்றதுக்குத்தான், தாயி. நீ அப்படிப் போகலையே."

ராகு காலத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. எமகண்டத்துக்கு இருந்தது, ஆடிக்கு இருந்தது. இதற்கு இல்லை. ஒரு வருஷம்தானேப்பா என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், ஒரு வருஷத்துக்குக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை இது. அவருக்கும் தெரியும். இத்தனை நாளும் அவர் பயந்தது நேரத்துக்கு இல்லை.

27-7, ஞாயிறு

பெட்டி கட்டியாச்சு. கிராஃப் பேப்பர், ஸ்வெட்டர் (பம்பாயில் குளிருமா? யாருக்கும் தெரியவில்லை), 'அல்ஜீப்ரா', அம்மா திணித்த பருப்புப் பொடி. ஆ.மே. வந்து ஒரு மாதா படம் கொடுத்தாள். தும்மலுக்குப் பதில் தெரிந்தால் எழுதச் சொன்னாள்.

மணமேல்குடிக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டதாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். டிரைவருக்குப் பின்னால் சீட் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை எட்டு மணி வண்டி, திருச்சிக்கு. அம்மா காலண்டரைக் காட்டினாள். திங்கட்கிழமை. ஏழரை-ஒன்பது. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டார் என்று நானும் நினைத்தேன். ஒன்பதேகால் வண்டி இருக்கிறதே, அதில் போகிறேன் என்றேன். நான் போய் நேரம் பார்த்துச் சொல்கிறேன், அப்பாவுக்கு.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"அந்த நேரத்துல கால் வச்சவங்கதான் பத்திரமா திரும்பி வந்திருக்காங்க. எட்டு மணி வண்டியிலயே போகட்டும்."