தலையாட்டும் கேமரா

ஜூலை 4, வியாழன்

அம்மா தூங்கிவிட்டாள். சலவைக் கடையின் சோப்பு வாசனை அவள் தலையணையிலிருந்து என் பாய் வரைக்கும் வருகிறது. டார்ச்சைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று புதிதாக ஒன்றுமில்லை என்றுதான் எழுத நினைத்திருந்தேன். பள்ளி விட்டு நாலரைக்கு வந்தேன். கூடத்துச் சுவரில் இருக்கும் கேமராவுக்குக் கையாட்டினேன். அது மேலும் கீழுமாக இரண்டு முறை தலையாட்டியது. ‘பாத்துட்டேன், போய்ச் சாப்பிடு’ என்று அர்த்தம். பக்கவாட்டில் ஆட்டினால் ‘வேண்டாம்’. அம்மாவும் நானும் பேசி வைத்துக்கொண்டது. கடையிலிருந்து ஃபோன் வழியாக அம்மா அதைத் திருப்புவாள். கேமராவில் பேசவும் முடியும், ஆனால் தவளை கத்துகிற மாதிரிதான் கேட்கும். எனக்கு ஃபோன் அடுத்த வருடம்தானாம். அதனால் தலையாட்டல்.

ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேட்டேன். “இன்னைக்கு ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு இருந்தியே, கடையில வேலையே இல்லையா?”

“யாரு, நானா? ட்ரையர் பெல்ட் அறுந்து போய் மத்தியானத்துலேருந்து அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ஃபோன் எங்க கிடந்துச்சுன்னே தெரியல.”

சிரித்துவிட்டேன். அவள் போய்ப் படுத்த பிறகுதான் தோன்றியது. அப்படியானால் தலையாட்டியது யார்?

ஜூலை 5, வெள்ளி

இன்றும் ஆட்டியது. இன்றும் அம்மா பார்க்கவில்லையாம்.

“மறந்துட்டியா இருக்கும்” என்றேன்.

“நான் என்ன கிழவியா? பாத்தா பாத்தேன்னு சொல்ல மாட்டேனா?”

அதற்கு மேல் கேட்கவில்லை. தட்டைக் கழுவும்போது முதுகில் யாரோ ஊதுகிற மாதிரி இருந்தது.

ஜூலை 8, திங்கள்

முன்பெல்லாம் நான் தனியாக இருந்ததே இல்லை. பள்ளி விட்டதும் கடைக்குத்தான் போவேன். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் எனக்கு. பக்கத்தில் டோக்கன் அக்கா. வருகிற துணியிலெல்லாம் எண் போட்ட டோக்கனை ஊக்கால் குத்துவது அவள் வேலை. பேசும்போதும் இரண்டு ஊக்கை உதட்டில் கவ்விக்கொண்டேதான் பேசுவாள். என் சடையைப் பிரித்துப் பின்னுவாள். “உங்கம்மா துணி துவைப்பாங்க, நான் உன் தலைய துவைக்கிறேன்” என்பாள்.

போன வருடக் கடைசியில் ஒருவரின் கல்யாணக் கோட்டு சுருங்கிப் போயிற்று. அந்த ஆள் நிற்கும்போதே அம்மா அக்காவைத் திட்டினாள். எல்லோர் முன்னாலும். அக்கா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள், வரவில்லை. அவள் பேரை எடுத்தாலே அம்மாவின் முகம் மாறும். பிறகு கவுண்டரை அம்மாவே பார்த்துக்கொண்டாள். என்னைக் கவனிக்க ஆளில்லை. “வீட்டுக்கே போ. நான் கேமராவுல பாத்துக்கறேன்.”

அப்பா வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கிறார். பிறந்தநாளுக்குப் பேசுவார்.

ஆக, சாயங்காலம் முழுக்க எனக்கு இருந்த ஒரே துணை அந்தக் கேமராதான். நான் சமையலறைக்குப் போனால் வாசல் வரைக்கும் திரும்பும். பாட்டுப் போட்டு ஆடினால் கூடவே ஆடும். அம்மாவுக்கு இவ்வளவு வேடிக்கை தெரியுமா என்று சந்தோஷப்பட்டேனே!

ஜூலை 9, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

கடையில் சட்டை மடிக்க வைக்கும் வெள்ளை அட்டை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பெரிதாக ‘அம்மாவா?’ என்று எழுதிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

பிறகு பக்கவாட்டில். மெதுவாக. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

வெள்ளைத் துண்டை எடுத்து அதன் தலையில் போட்டேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். இருட்டுகிற நேரத்தில் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். இன்றைக்கென்று பார்த்து ஃபோனைத் திறந்திருக்கிறாள், திரை வெள்ளையாக இருந்திருக்கிறது.

“கேமராவ மூடி வெச்சா நான் என்னன்னுடி நினைக்கறது? திருடன் வந்துட்டான்னா, இல்ல உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? கடைய அப்படியே பூட்டிட்டு ஓடி வரேன்!”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“மிஷின்னா அப்படித்தான். கடையில ட்ரையர் ஆடல? அது மாதிரி இதுவும் ஆடுது. தனியா இருக்கியா, கண்டதையும் நினைச்சுக்கற.”

தனியாக இருப்பது தெரிகிறதல்லவா அம்மா? தெரிந்துதான் சொல்கிறாயா?

ஜூலை 10, புதன்

வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். மழை வந்தது. அப்போதும் உள்ளே போகவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஓர் இடம் கண்டுபிடித்தேன். கேமராவுக்கு நேர் கீழே, சுவரோடு சுவராக. அங்கே அதற்குக் கண் தெரியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே சாப்பிட்டேன். தலைக்கு மேலே ‘கிர்ர்... கிர்ர்...’ என்று அது திரும்பிக்கொண்டே இருந்தது. ஜன்னல் பக்கம். கதவுப் பக்கம். சமையலறைப் பக்கம். என்னைத் தேடுகிறது.

வகுப்பில் யாரிடமாவது சொல்லலாமா? முன் பெஞ்சுக்காரியிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்கச் சிரிக்கும். டீச்சரிடம் சொன்னால் அம்மாவைக் கூப்பிடுவார்கள், அம்மா மறுபடியும் கடையைப் பூட்ட வேண்டும். வேண்டாம்.

ஜூலை 16, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது?

நாளைக்குப் போட வேண்டிய பாவாடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கடை வேன் ஹாரன் மாதிரி கேட்டதும் ஜன்னலுக்குப் போனேன். வேறு ஏதோ வண்டி. அப்படியே நின்று தெருவை வேடிக்கை பார்த்தேன். தெருவில் மனிதர்கள் இருக்கிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு.

பின்னால் கேமரா பேய் பிடித்த மாதிரி ஆடியது. அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. உயிர் போகிற மாதிரி கத்தினேன். அது என் பக்கம் திரும்பியது, மேஜைப் பக்கம் திரும்பியது, என் பக்கம், மேஜைப் பக்கம். தவளை மாதிரி ஏதோ கரகரத்தது. அப்புறம்தான் வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைக் குப்புற வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பாவாடையில் புகை. கீழே விரித்திருந்த போர்வையிலும்.

பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர் ஊற்றினேன். ஜன்னல்களைத் திறந்தேன். நெருப்பு வரவில்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். கேமரா கொஞ்சம் கீழே குனிந்து என்னையே பார்த்தது. அசையவில்லை.

சலவைக் கடைக்காரி மகள் இஸ்திரிப் பெட்டியால் வீட்டைக் கொளுத்தப் பார்த்தாள்! அம்மாவிடம் சொல்லவில்லை. பாவாடை மெத்தைக்கு அடியில் இருக்கிறது.

காப்பாற்றுகிறவர் ஏன் ஒளிந்து பார்க்க வேண்டும்? ஒளிந்து பார்க்கிறவர் ஏன் காப்பாற்ற வேண்டும்?

ஜூலை 18, வியாழன்

அம்மா வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்தாள். சிறு கடைக்காரர்களுக்கு இணையப் பாதுகாப்பு பற்றி யாரோ பேசினார்களாம்.

“என்ன சொன்னாங்க?”

“என்னென்னமோ சொன்னாங்க. டீ நல்லா இருந்துச்சு.”

கொடுத்த தாளைக் கொதிக்கிற பாத்திரத்தை இறக்கப் பிடிதுணியாக மடித்து வைத்திருந்தாள். எடுத்துப் படித்தேன். கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வையுங்கள். உள்ளே நுழையும்போது ஃபோனுக்கு ஓர் எண் வரும்படி செய்துகொள்ளுங்கள். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி எடுத்துத் தனியாக வையுங்கள்.

இதில் ஒன்றைக்கூட அம்மா செய்ததில்லை. கடை மெயில், பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றுக்கும் ‘வெள்ளை123’தான். அதையும் பிளாஸ்திரியில் எழுதிக் கவுண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள், ஆளாளுக்கு வந்து கேட்டுத் தொல்லை பண்ணக் கூடாது என்று.

கடைசிக்கு முந்தின வரி: வேலையை விட்டுப் போகிறவரிடம் சாவியை வாங்குவதைப் போலவே, அவர் ஃபோனில் இருக்கும் அனுமதியையும் அன்றே நீக்குங்கள்.

கடையை விட்டுப் போனவர்களை நினைத்துப் பார்த்தேன். குடித்துவிட்டு வந்து சண்டை போட்ட இஸ்திரி அண்ணன். வேன் ஓட்டியவர், என்னைப் பார்த்தால் சிரிக்கவே மாட்டார். டோக்கன் அக்கா.

இஸ்திரி அண்ணனாக இருந்தால்? கடவுளே.

ஜூலை 20, சனி

ட்ரையருக்குப் பக்கத்தில் இருக்கும் கேமரா ஆவி பட்டு மங்கிவிட்டது என்று கேமராக்காரரை அம்மா வரச் சொல்லியிருந்தாள். அரை நாள் பள்ளி. நானும் கடைக்குப் போனேன். தாளைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து அந்த வரியைக் காட்டினேன். வாயால் சொல்லப் பயமாக இருந்தது.

அவர் படித்துவிட்டு, “மேடம், பாஸ்வேர்ட் சொல்லுங்க” என்றார்.

“கவுண்டருக்குக் கீழ பாருங்க.”

குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. “இத பாத்தா திருடனே கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிடுவான் மேடம்.”

கேமராக் கணக்குக்குள் எந்தெந்த ஃபோன்கள் இருக்கின்றன என்று திறந்து காட்டினார். அம்மாவுடையது. கடை ஃபோன். மூன்றாவது ஒன்று. அதற்கு வைத்திருந்த பெயர் ‘டோக்கன்’.

“அவ போய் ஆறு மாசத்துக்கு மேல ஆச்சே! வீட்டுக் கேமரா அப்புறம்தானே வந்துச்சு?”

“அதையும் இதே கணக்குலதான் சேத்திருக்கீங்க. அவங்க ஃபோன்ல அதுவா வந்து நின்னிருக்கும்.”

“பூட்ட உடைச்சு உள்ள வந்திருக்கா!”

“உடைக்கல மேடம். நீங்க சாவிய வாங்காமலே அனுப்பிட்டீங்க.”

அம்மா போலீசுக்குப் போகிறேன் என்றாள். அக்கா இப்போது வேலை செய்யும் ரொட்டிக் கடைக்குப் போய் முதலாளி முன்னாலேயே நாறடிக்கிறேன் என்றாள். பிறகு ஃபோனை எடுத்து அக்காவுக்கே போட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

“எம்பொண்ண ஒளிஞ்சு பாக்கறியா நீ?”

அந்தப் பக்கம் தட்டுகளைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“முதல்ல கடையத்தான் பாத்தேன் அக்கா. எனக்குப் பதிலா யாரை வெச்சிருக்கீங்கன்னு. நீங்களே ஒருநாள் அழிச்சுடுவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் வீடு தெரிஞ்சுது. பாப்பா உள்ள வந்து கையாட்டினா. தினமும் ஆட்டினா. முதல்ல கொஞ்ச நாள் நீங்க ரெண்டு தடவை ஆட்டினத பாத்திருக்கேன், அப்புறம் யாருமே தலையாட்டல. நின்னு நின்னு பாத்துட்டுப் போவா.” மூக்கை உறிஞ்சினாள். “தப்புதான் அக்கா. பாப்பா பயந்துட்டான்னு அட்டைய பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. நான் யாருன்னு சொல்ல வழி தெரியல. விட்டுட்டுப் போகவும் மனசு வரல.”

அம்மா ஃபோனை வைத்துவிட்டாள். கவுண்டரைத் துணியால் துடைத்தாள், துடைத்த இடத்தையே.

அப்போதுதான் இஸ்திரிப் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். பாவாடை எங்கே இருக்கிறது என்பதையும். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என் கையை எடுத்து விரல் விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போலீசுக்குப் போகவில்லை. ஆனால் கேமராக்காரரைப் பார்த்து, “அழிச்சுடுங்க” என்றாள்.

“பாப்பா, நீயே அமுக்கறியா?” என்று அவர் ஃபோனை நீட்டினார். மாட்டேன் என்று தலையாட்டினேன். பக்கவாட்டில்.

எல்லாம் மாற்றியாயிற்று. வீட்டுக் கேமராவுக்குத் தனிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் வேறு வேறு கடவுச்சொல், நுழைந்தால் அம்மா ஃபோனுக்கு எண் வரும். பிளாஸ்திரியை நான்தான் உரித்தேன். இனிமேல் பயமில்லை.

ஜூலை 22, திங்கள்

கையாட்டினேன். அசையவில்லை.

ஜூலை 25, வியாழன்

கையாட்டவில்லை. கூடத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கேமராவுக்குக் கீழேயே போய் உட்கார்ந்தேன். ‘கிர்ர்’ இல்லை.

யாரோ பார்க்கிறார்கள் என்று பயந்தேன். இப்போது யாருமே பார்க்கவில்லை என்று... இதற்குப் பெயர் என்ன? பயம் இல்லை. பயமாக இருந்தால்கூட நேரம் போயிருக்கும்.

ஜூலை 29, திங்கள்

நாலரைக்கு இரண்டு முறை ஆட்டியது! அம்மா ஃபோனில் அலாரம் வைத்திருக்கிறாளாம். ஆட்டிவிட்டு உடனே கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. வேலை இருக்கும்.

ஆகஸ்ட் 14, புதன்

பள்ளி விட்டு வேறு வழியாக நடந்து வந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது என்று எழுதினால் அது பொய். ரொட்டிக் கடை அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். தலையில் வலைத் தொப்பி. உதட்டில் ஊக்கு இல்லை. யாரும் அவளிடம் பேசவில்லை, அவளும் யாரிடமும் பேசவில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், நேரம் போவதே தெரிவதில்லை.

அவள் நிமிர்ந்தாள். ஓடிவிடலாமா என்று இருந்தது, ஓடவில்லை. அக்கா வெளியே வரவில்லை, கூப்பிடவில்லை. தலையை மட்டும் மேலும் கீழுமாக இரண்டு முறை ஆட்டினாள்.

போய்ச் சாப்பிடு.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்புகூட இல்லாமல், தோளில் யாருடைய கோட்டோ கிடக்க.

“எங்கடி போன? நாலரைக்குப் பாக்கறேன், ஆள் இல்ல. பாக்கறேன், பாக்கறேன், நீ வரவே இல்ல. இந்தக் கோட்டுக்காரர் கவுண்டரைத் தட்டிட்டே இருக்காரு, நான் ஃபோனையே பாத்துட்டு நிக்கறேன்.”

“அவ்வளவு நேரமாவா பாத்துட்டு இருந்த?”

“பின்ன? காலிக் கூடத்த எவ்வளவு நேரம்தான் பாக்கறது?”

ரொம்ப நேரம் பார்க்கலாம் அம்மா, எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எங்கே போனேன் என்பதையும் சொல்லவில்லை. நாளைக்கு நேராக வந்துவிடுகிறேன் என்றேன். அம்மா உள்ளே வந்து, கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.