ரயிலுக்கு விட்ட இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அப்பா கண்ணாடியை மாற்றினாரா, இன்னும் இழுத்தடிக்கிறாரா?

நான் துணி தேய்க்கும் சலவைக்கடைக்கு மேலேயே ரயில் பாலம். கூட வேலை செய்யும் நெட்டையும் சுருட்டையும் ராப் பாடுகிறவர்கள். மூச்சுவிடாமல் பேசுவதுபோல் பாடுவார்களே, அதுதான். நெட்டை பாடிப் பதிந்ததைக் கேட்டேன். நடுநடுவே பாட்டு நின்றது. "பதிவு கெட்டுப்போச்சா?" என்றேன்.

"அது ரயில் போற நேரம்டா. இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் பாடுவோம்," என்றான் நெட்டை.

சத்தமே நுழையாத அறையில் பாடினாலும் ரயில் வரவேண்டிய இடத்தில் வாய் தானாக மூடிக்கொள்கிறதாம்! ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சுருட்டை நிறுத்துவதே இல்லை. அங்கே ரயில் நிலத்தடியில் ஓடுகிறது.

"உங்க வீட்டுப் பக்கம் பாட்டு எப்படி இருக்கும்?" என்று கேட்டான் சுருட்டை. எனக்கென்ன தெரியும்? மேசையில் விரலால் தட்டினேன். வந்தது உங்கள் தையல் மிஷின், அம்மா. நேர்த் தையலுக்கு ஓட்டம், கழுத்து வளைவுக்கு நிதானம், நூல் அறுந்தால் சட்டென்று அமைதி. இருவரும் வேலையை மறந்து தலையாட்டியதில் ஒரு சட்டை புகைந்துவிட்டது. அதை இழுத்தபோது என் கையில் லேசாகச் சூடு பட்டது. ஆறிவிட்டது, பதற வேண்டாம்.

அடுத்த உருப்படி தைக்கும்போது ஃபோனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்து அனுப்புங்கள். நடுவில் அப்பாவைத் திட்டினால் அழிக்காதீர்கள். இவர்களுக்குப் பாட்டில் சேர்க்கக் கொஞ்சம் போதும். மீதி எனக்கு.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் பெரியவன்