அம்மாவின் செருப்பில் தூசி

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் அம்மாவின் செருப்பில் தூசி படிந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தேன். விரலால் கோடு போடலாம் போல இருந்தது. நீயும் மாமாவும் நலமா? போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

மனச்சோர்வு மாத்திரையை அம்மா தவறாமல் போட்டுக்கொள்கிறாள். இப்போது அழுவதில்லை. ஓய்வு வேண்டும் என்று அப்பா ஜன்னலை மூடித் திரை போட்டுவிட்டார். மிக்ஸிகூட ஓடக் கூடாதாம். இஸ்திரிக்கடை முதலாளியம்மா பார்க்க வந்தபோது, "மருந்து வேலை செய்யுது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அப்பா வாசலோடு அனுப்பினார். "மருந்து மட்டும் வேலை செஞ்சா போதுமா? என் கடையில காலரெல்லாம் அவளைத் தேடுது" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

போன தடவை டாக்டரிடம் நானும் போனேன். இந்த மருந்து மூளையை இளக்கிக் கொடுக்கும், புதிதாகப் பழகிக்கொள்ளும் தன்மை திரும்ப வரும் என்றார். ஆனால் எதைப் பழகும் என்பது அவள் எப்படி நாளைக் கழிக்கிறாள் என்பதைப் பொறுத்ததாம். வெளியே நடக்கிறார்களா, யாரோடாவது பேசுகிறார்களா என்று கேட்டார். "நல்லா தூங்கறா சார்" என்றார் அப்பா. நான் வாயைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியுமே. அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்? இஸ்திரி தெரியும். கடையில் அம்மாவின் மேஜையில் இப்போது நான்தான் நிற்கிறேன். ஆவி பட்டால் துணி இளகும். அந்தச் சூட்டிலேயே நீவினால் நிமிரும். சுருட்டிப் போட்டால் அந்தச் சுருக்கமே நின்றுவிடும். அம்மாவை அந்த இருட்டறையில் அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறோம். அப்பாவிடம் சொன்னேன். "வந்துட்டா பெரிய டாக்டரம்மா" என்றார்.

இன்று செருப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய், கடைவரை போய் வரலாம் வாம்மா என்றேன். செருப்பைப் பார்த்தாள். "அளவு சரியா இருந்தா நீயே போட்டுக்கோ கண்ணு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அக்கா, இனிமேல் போன் செய்தால் எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேட்காதே. மடிப்புப் பாவாடைக்கு எங்கிருந்து இஸ்திரி போட ஆரம்பிக்கணும் என்று கேள். பதில் வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கேள்.

சமையலறைக்கு வந்து அந்தச் செருப்பில் காலை விட்டுப் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. கழற்றி, அம்மாவின் கட்டிலடியில், வாசலைப் பார்த்த மாதிரி வைத்துவிட்டு வந்தேன்.

உன் தங்கை