வாய் தேய்ந்த நூறு கூடுகள்

மார்ச் 4

இன்றும் பனி. நூலகம் பூட்டிவிட்டு வந்தபோது வெண்டெல் அண்ணா தன் வேலை மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். எதிரே நாற்பது பித்தளைக் கூடுகள். எல்லாம் குட்டையாகிவிட்டன.

சுட்ட தோட்டாவின் கூடு கழுத்தில் கொஞ்சம் நீண்டுவிடும். வெட்டிச் சரிசெய்த பிறகுதான் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைக்கலாம். கூட்டை வெட்டும் அவனுடைய பழைய ட்ரிம்மரில் நீளத்தை அளந்து நாமே திருகி வைக்க வேண்டும். எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறான்.

"எட்டா மூணான்னு தெரியல தோரா. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

மரம் வெட்டும் இடத்தில் கிளை அவன் தலையில் விழுந்து ஐந்து மாதம். அதற்கு முன், இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் இவன் செய்து கொடுத்த தோட்டாவோடுதான் வேட்டைக்குப் போனார்கள்.

மார்ச் 6

ராஸ்கோ வந்தான். துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன், அண்ணாவின் வேட்டைக் கூட்டாளி. போன வாரம் அண்ணா கொடுத்த தோட்டா ஒன்றைக் குலுக்கிப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பிரித்தானாம். ரைபிள் கூட்டுக்குள் கைத்துப்பாக்கி மருந்து. சுட்டிருந்தால் முகத்திலேயே வெடித்திருக்கும்.

"முன்னெல்லாம் மேசை மேல ரெண்டாவது மருந்து டப்பாவ வெச்சா என் மண்டைல குட்டுவான் இந்தப் பாவி. இப்ப அவன் மேசைல நாலு டப்பா நிக்குது."

மருந்தையும் துப்பாக்கிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அண்ணா வாசலில் நின்று பார்த்தான்.

"துருப்பிடிச்சுதுன்னா உன் தோல உரிச்சிடுவேன்டா ராஸ்கோ."

"உரி, உரி. முதல்ல ஷூ கயித்தக் கட்டு."

கட்டியிருக்கவில்லைதான். இருவரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 9

பகலில் அவனைத் தனியே விடுவதென்றால் கைக்கு ஆபத்தில்லாத வேலை வேண்டும், இல்லாவிட்டால் கலிஸ்பெல் நகரப் பராமரிப்பு விடுதியில் இடம் சொல்லி வைக்கலாம் என்றார் மருத்துவர். எனக்கு எட்டிலிருந்து ஐந்துவரை நூலகம். வேறு யாரும் இல்லை.

அங்கே விடமாட்டேன்.

வெடிமருந்து இல்லாத தோட்டா வேலையில் என்ன மிச்சம்? வெட்டுவது.

மார்ச் 11

ஒரு நாவலுக்குக்கூட இத்தனை மணி நேரம் கொடுத்ததில்லை. மூன்று ட்ரிம்மர்களைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன்.

பழைய கைப்பிடி வகை: எண்கள். முடியாது.

மோட்டார் வகை: நூறு கூடுகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதிப் பகலை என்ன செய்வான்?

மூன்றாவது, ஒரே அளவு வகை. கூட்டுக்குள் இறங்கும் கம்பி அடியைத் தொட்டதும் வெட்டுவது தானே நின்றுவிடும். அளக்க ஒன்றுமில்லை. தப்புச் செய்யவே முடியாது. 308 ரகத் தோட்டாவுக்கு மட்டும் வாங்கப் போகிறேன். ஒரு காலத்தில் அவன் பார்த்துக் கேலியாகச் சிரித்த கருவி.

தப்புச் செய்ய முடியாத ஒன்றை ஒருவனுக்குத் தேர்ந்தெடுப்பது — அதற்கு என்ன பெயர்?

மார்ச் 20

பார்சல் வந்தது. அண்ணா பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இது பொம்மையாச்சே."

"எனக்குப் புடிச்சிருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? புஸ்தகப் புழு."

ஆனால் உட்கார்ந்தான். வெட்டினான். வெட்டிய வாயில் பிசிறு எடுக்கும் சின்னக் கருவியை உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. அந்தக் கை மட்டும் எதையும் மறக்கவில்லை.

மார்ச் 27

ராஸ்கோ துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் பொறுக்கிக் கொடுத்த நூறு கூடுகளும் வெட்டித் தீர்ந்தன. பனி உருகும்வரை அங்கே யாரும் வரமாட்டார்களாம்.

காலையில், அவன் காபி குடிக்கும்போது, வெட்டி முடித்த நூறையும் டப்பாவிலிருந்து மறுபடி, வெட்ட வேண்டியவை கிடக்கும் வாளியில் கொட்டினேன். சத்தம் கேட்காமல் இருக்க அடியில் துண்டு விரித்தேன்.

மார்ச் 28

"இன்னிக்கு நல்ல வேலை ஓடுச்சு" என்றான். மான்கறியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 2

கொட்டினேன்.

ஏப்ரல் 17

பனி போய்விட்டது. ராஸ்கோவிடம் புதுக் கூடுகள் கேட்கலாம். கேட்கவில்லை. இப்படியே நன்றாகத்தானே போகிறது? ஏற்கெனவே அளவுக்கு வந்தவை, கம்பி தடுத்துவிடும், ஒரு துளிகூடக் குறையாது. யாருக்கும் எதுவும் தேயவில்லை.

மே 12

அவன் விரல் நுனிகளில் மெல்லிய கீறல்கள். கேட்டால், "பூனை" என்கிறான். எங்களிடம் பூனை இல்லை.

மே 15

ராஸ்கோ வந்தான். வாளியிலிருந்து ஒரு கூட்டை எடுத்தவன் விரலை உதறினான். ரத்தம்.

"கத்தி மாதிரி இருக்கு! எத்தன தடவ பிசிறு எடுத்தான் இத?"

பிசிறு. அதை நான் நினைக்கவே இல்லை. வெட்டுவதைக் கம்பி தடுத்தது. பிசிறு எடுக்கும் கருவியை எது தடுக்கும்? தினமும் உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. நூறு வாய்களும் காகிதமாய்த் தேய்ந்துவிட்டன. எத்தனை ராத்திரி உக்காந்து தேடித் தேடி வாங்கினேன் — இத எப்படி விட்டேன்?

நான் தினமும் கொட்டி வைத்ததை ராஸ்கோவிடம் சொல்லிவிட்டேன். அவன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 16

சனிக்கிழமை. அந்தக் கூடுகளைத் தூக்கி எறியலாம் என்று டப்பாவைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம், இத்தனை நாள் அவசரத்தில் நான் திருப்பிப் பார்க்காத இடத்தில், ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தோட்டா செய்பவர்கள் எல்லோரும் எழுதி வைப்பதுதான்: எந்த ரகம், எத்தனை தடவை சுட்டது, எத்தனை தடவை வெட்டியது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவனுக்கு நினைவிருக்காது. சீட்டு எழுதும் பழக்கம் கைக்கு இருந்திருக்கிறது. கோணல் எழுத்து.

308. கூடு 100.
வாங்கின பிறகு சுட்டது: 0.
வெட்டியது: கோடுகள். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. எண்ணினேன். முப்பத்தாறு.

சீட்டை அவன் முன்னால் வைத்தேன்.

"தெரிஞ்சும் ஏன்ணா செஞ்ச? கை கிழிய?"

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நீ வேலைக்குப் போகணும்ல."

மே 17

காலையில் காபிக் கோப்பையைக் கழுவியபடி கேட்டான்: "கலிஸ்பெல்ல இடம் இன்னும் இருக்கா?"

துடைக்கும் துணியை அவனிடம் நீட்டினேன்.

"எனக்காகக் கேக்கறேன். உனக்காக இல்ல."

பொய் சொல்லும்போது அவன் காது சிவக்கும். சின்ன வயதிலிருந்தே.

ஜூன் 8

அண்ணாவைக் கலிஸ்பெல்லில் விட்டுவிட்டு வந்தேன். தொண்ணூறு மைல். வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

அக்டோபர் 11

ஞாயிறு. விடுதிக்குப் போனேன். வெவ்வேறு அளவு நட்டும் போல்ட்டும் ஒரு டப்பாவில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். அவன் ஜோடி சேர்த்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். கீறல் எதுவும் இல்லை. விரல்களைப் பார்த்தேன், அவன் பார்க்காதபோது.

அங்கே வேலை செய்யும் இளம்பெண் வந்து, "அட, அதுக்குள்ள முடிச்சாச்சா!" என்று தட்டை வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் நட்டும் போல்ட்டும் டப்பாவில் கொட்டும் சத்தம்.

அண்ணா என் பக்கம் சாய்ந்தான்.

"நல்ல பொண்ணு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டு, மறுபடி உள்ளே வைத்தான்.

"மணி என்ன ஆச்சு? இருட்டறதுக்குள்ள கிளம்பு. நாளைக்கு உனக்கு நூலகம் இருக்கு."