நான் வெட்டிய ஆறு நொடி

இன்று காலை திருமுல்கேரி மைதானத்தில் வலி ஸ்ப்ரே வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. போவன்பள்ளி அணியின் நடுக்கள ஆட்டக்காரன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவர்கள் ஆள் ஒருவன் ஓடிவந்து அரை டப்பாவை அவன் காலில் அடித்தான். காற்று எங்கள் பக்கம். அவன் எழுந்து உட்காருவதற்குள் நம் கூட்டம் தீர்ப்பு சொல்லிவிட்டது: நடிப்பு.

நீ இருந்திருந்தால் அங்கேயே எழுந்து நின்று, "அவனுக்க கால் வலிக்கது உனக்கு எப்படிலே தெரியும்?" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லாததால் பாஸ்கர் சார் ஐந்து நிமிஷம் தடையில்லாமல் பேசினார். அவர் மாறவே இல்லை. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருஷமாக ஒவ்வொரு வரியையும் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர், மைதானத்துக்கு வந்தால் மட்டும் எதையும் படிக்காமலே போட்டுவிடுவார்.

இறந்துபோனவனுக்குக் கடிதம் எழுதுவதில் எந்த லாஜிக்கும் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். மைதானத்துக்குப் பிறகு சாய்க் கடையில் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

பட்டான்செருவுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில்தான் நாம் அறிமுகமானோம். நான் கருவிகளைச் சோதிக்கிற பிரிவு, நீ மருந்துகளின் தரம் பார்க்கிற ஆய்வகம். நான் திருச்சி, கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாதவன். நீ குமரிக் கடற்கரைக்காரன், பந்தைக் காலால் தொடாத நாளை வீணாய்ப்போன நாள் என்று நினைக்கிறவன். இரண்டாவது வாரமே என்னைத் திருமுல்கேரி அணியின் ஆட்டத்துக்கு இழுத்துப் போனாய். மூன்றாவது வாரம் நான் டிரைபாடும் கேமராவுமாக வந்து நின்றேன். "மக்கா, பந்து பாக்க வந்தியா, ரோடு அளக்க வந்தியா?" என்றாய்.

ஆட்டம் முடிந்ததும் ஈரானி சாய்க் கடையில் நீ வைத்த சட்டம் ஒன்று இருந்தது. எதிரணி ஆளைக் குற்றம் சொல்கிறவன் முதலில் ஒரு கப் சாய் தீரும்வரை அந்த ஆளுக்காகவே வாதாட வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. கொதிக்கிற சாயை மூன்று வாயில் விழுங்கிவிட்டுக் குற்றச்சாட்டுக்கு வந்துவிடுவேன். நாக்கு வெந்துபோய் நான் பேசுவதைக் கேட்டு நீ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாய்.

அந்தச் சட்டம் ஒரே ஒரு வாரம்தான் செல்லுபடியாகவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம். போவன்பள்ளியோடு லீக் ஆட்டம். அவர்களுடைய ஒன்பதாம் நம்பர், நம் தடுப்பாட்டக்காரன் சீனுவின் தாடையில் முழங்கையால் இடித்தான். சீனு வாயில் ரத்தத்தோடு விழுந்தான். நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். ஒன்பது நொண்டிக்கொண்டே வெளியே போனான்.

மறுநாள் அவன் முட்டியில் தசைநார் கிழிந்துவிட்டது என்று செய்தி வந்தது. நம் கூட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை.

"ஹவ் ஹவ், ஆமாம், தெரியும். லீக் கமிட்டி பரிதாபப்படணும்னு கட்டு போட்டுக்கிட்டிருப்பான்" என்றார் பாஸ்கர் சார்.

"நிஜமா இருந்தா இன்னும் நல்லது" என்றேன் நான். ஆமாம், நான்தான் சொன்னேன்.

நீ போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, இரண்டு கிலோ பீன்ஸோடு திரும்பி வந்தாய். ஒன்பது அங்கேதான் மூட்டை தூக்குகிறான் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். "வெங்காய மூட்டை மேல காலை நீட்டி உக்காந்திருக்கான். முட்டி இந்தத் தண்டி இருக்கு. நடிக்கவனுக்கு முட்டி வீங்குமாலே?"

"அதுக்கு நீ ஏன் பீன்ஸ் வாங்கினே?" என்று கேட்டான் சீனு.

"சும்மா போயி ஒரு மனுசனுக்க காலைப் பாக்க முடியுமா?"

அதற்குள் கமிட்டி தீர்ப்பு வந்துவிட்டது. ஒன்பதுக்கு ஒரு வருஷத் தடை. ஆதாரம், நான் அனுப்பிய வீடியோ. அன்று பஸ்ஸில் என் போனை வாங்கி அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தாய். முழங்கை எழுகிற இடத்தில் தொடங்கி, சீனு வாயில் ரத்தத்தோடு கிடக்கிற இடத்தில் முடியும். ஒன்பது நொடி.

"இதுக்க முன்னால உள்ளது எங்கலே?"

"ஃபைல் பெரிசு. வெட்டினாத்தான் போகும்."

"பெரிசுன்னா பின்பக்கத்த வெட்டியிருப்ப. முன்பக்கத்த எதுக்கு வெட்டுன?"

அளவுக் கருவியில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். என்னிடமே பிழை கண்டுபிடித்துவிட்டாய். வேறு வழியில்லாமல் முழு வீடியோவைக் காட்டினேன். நான் வெட்டிய முதல் ஆறு நொடியில், பந்து எங்கோ இருக்கும்போது, சீனுவின் பூட்ஸ் ஒன்பதின் முட்டிமேல் இறங்குகிறது. நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது திரும்புகிறான். அதற்குப் பிறகுதான் முழங்கை.

"கமிட்டி முழங்கையைக் கேட்டாங்க, முழங்கையைக் கொடுத்தேன்" என்றேன். "இதை அனுப்பினா ஃபைனல்ல சீனு இல்ல. தோத்துருவோம். அவன் எப்படியும் மூணு மாசம் படுக்கைதானே, தடை இருந்தா என்ன?"

"முட்டி மூணு மாசத்துல ஆறும், மக்கா. அதுக்கப்புறம் ஒம்பது மாசம் அவன் வெளிய நின்னு பாப்பான். உன்னால."

பஸ் மியாப்பூரைத் தாண்டியது. அப்புறம் நான் முழு வீடியோவை உனக்கு அனுப்பிவிட்டு, "நீயே அனுப்பிக்கோ. என் பேர் வரக்கூடாது" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி" என்றாய். அவ்வளவுதான்.

ஒன்பதின் தடை இரண்டு ஆட்டமாகக் குறைந்தது. சீனுவுக்கு ஒரு ஆட்டத் தடை. இறுதி ஆட்டத்தில் அவன் இல்லாத தடுப்பு வரிசை வழியாகப் போவன்பள்ளி மூன்று கோல் போட்டது. அன்று மாலை சாய்க் கடையில் உனக்கு விழுந்த திட்டு, நான் கேட்டதிலேயே நீளமானது. மூன்று பாஷையில் விழுந்தது.

"முழு வீடியோ உனக்கு எப்படிக் கிடைச்சது?" என்று பாஸ்கர் சார் விசாரித்தார்.

"பஸ்ஸுல இவன் வாயப் பொளந்து உறங்கிக்கிட்டிருந்தான். போனை எடுத்து அனுப்பிட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து உனக்கு எதிர்க்கட்சி என்று பெயர். பக்கத்தில் யாரும் உட்காராத ஒரு மாதம், தனி மேஜையில் சாய் குடித்துக்கொண்டு, "எதிர்க்கட்சிக்கு ஒரு சமோசா கிடைக்குமா?" என்று கேட்பாய். பிறகு அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். பெயர் மட்டும் போகவில்லை. போன மழைக்காலத்தில் டெங்கு உன்னை ஆறே நாளில் கொண்டுபோனபோது, ஆஸ்பத்திரி வாசலில் சீனு அழுதுகொண்டே, "எதிர்க்கட்சி போயிட்டான் பாய்" என்றுதான் சொன்னான். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இன்று சாய்க் கடையில் புதிதாக ஒருவன் இருந்தான். கோயம்புத்தூர்க்காரன், ஐடி வேலைக்கு வந்து இரண்டு மாசம். "அது யாருங்க எதிர்க்கட்சி?" என்று கேட்டான். சீனு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடித்தே காட்டினான். நான் தூங்குவது, நீ போனை உருவுவது, கோப்பை பறிபோவது. எல்லாரும் சிரித்தார்கள். புதியவன் சொன்னான்: "கூட இருக்கறவன் போனையே திருடினானா? என்னங்க ஆளு அவன்."

உன்னைப் பார்த்தே இராத ஒருத்தன். எனக்கு எரிந்தது.

"திருடலை. நான்தான் கொடுத்தேன்" என்றேன். "அதுக்கு முன்னாடி கமிட்டிக்கு வெட்டி அனுப்பினதும் நான்தான். வேணும்னேதான் வெட்டினேன். நான் தூங்கவே இல்லை."

சீனு சாயைக் கீழே வைத்தான். "அப்போ என்னை ஃபைனல்ல வெளிய உக்கார வெச்சது அவன் இல்லியா?"

"உன்னை உக்கார வெச்சது உன் பூட்ஸ். அவனைத் திட்டு வாங்க வெச்சது நான்."

"இத்தனை வருஷமா சொல்லாம உக்காந்திருந்தியா?" என்றார் பாஸ்கர் சார்.

"ஹவ் சார்."

"கைக்கு? ஏன்?" என்று கேட்டார் அவர். பயம் என்று சொல்லியிருக்கலாம். சீனு எழுந்து வெளியே போனான். புதியவன் போனை எடுத்து, அதில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான். இந்தக் கூட்டம் இனி எனக்கு இல்லை என்று முடிவு செய்துகொண்டு டிரைபாடை மடித்தேன்.

வாசலில் சீனு வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைப் பார்க்காமல் கூப்பிட்டான்.

"எதிர்க்கட்சி. ஏறி வரியா, நடந்து வரியா?"

ஏறிக்கொண்டேன். எனக்கு வரவேண்டிய பெயர், இத்தனை நாள் உன்னிடம் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.