வீட்டில் மட்டும் திறக்கும் கோப்பு

அபி,

அப்பா முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஹாட்பேக்கில் இட்லி இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போ.

நேற்று நீ, “அசைன்மென்ட் பென் டிரைவ்லதான் இருக்குப்பா” என்றாய். “அப்புறம் ஏன் சார் முட்டை போட்டாரு? பொய் சொல்லாத” என்றேன்.

காலையில் பென் டிரைவை நம் கம்ப்யூட்டரில் போட்டேன். அசைன்மென்ட் திறந்தது. பிறகுதான் அதன் ஐகான் மூலையில் சின்ன அம்புக்குறியைப் பார்த்தேன். நீ எடுத்துப்போனது ஷார்ட்கட். அது கோப்பு இல்லை, கோப்பு இருக்கும் இடத்தின் விலாசம். நம் குவார்ட்டர்ஸ் நம்பரைச் சீட்டில் எழுதிக் காலேஜுக்குக் கொண்டுபோனால் வீடும் கூடவே வருமா? அந்த விலாசம் இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும், காலேஜ் லேப் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இப்போது கோப்பையே போட்டிருக்கிறேன். லேபில் பழைய வேர்டுதான் என்று அசைன்மென்ட் தாளில் இருக்கிறது. அதனால் 97-2003 வகையில் சேமித்தேன். மேலே ரோல் நம்பர் இல்லை, நீ போட்டுக்கொள். திரும்பக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

‘என் குடும்பத்தில் ஒருவர்’ என்ற தலைப்பில் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். படித்தேன். ஆடியில் அவள் தவறிப்போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. இதற்கும் அழுகை வரவில்லை. எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினேன்.

அப்பா

ஓரத்தில் எழுதுகிறேன்: “அப்பாவக் கேளு, பொறுமையா சொல்லுவாரு” என்று அம்மா சொல்வதாக நீ எழுதியதில் ஒரு வரி இருக்கிறது. நேற்று நான் அப்படி இல்லை. ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு லேப் வாசலுக்கு வருகிறேன். அசைன்மென்டை நீ முன்பே செய்திருந்தாய் என்று சாரிடம் நானே சொல்கிறேன்.